செங்கமலத்தின் கப்பலும் சாச்சாவின் கத்தரிக்கோலும்

ஆட்காட்டி விரலை விட்டால் முதல் மடிப்பு வரைக்கும் உள்ளே போகும். வெட்டுப்பட்ட தாளின் விளிம்பு கூராக இருக்கும், வேகமாக இழுத்தால் தோலைக் கீறும். புத்தகத்தை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தால் அந்த ஓட்டை வழியாக ஒரு சின்ன வெளிச்சம் வந்து மடியில் வட்டமாக விழும். ஒரு சிறுமியின் முகம் இருந்த இடம் அது. அவளுடைய இரட்டைப் பின்னல் அப்படியே இருந்தது, கழுத்துச் சங்கிலி இருந்தது, கப்பலின் சுக்கானைப் பிடித்த இரண்டு கைகளும் இருந்தன, முகம் மட்டும் இல்லை.

பிள்ளைகளே, இதை நான் உங்களுக்காகத்தான் எழுதுகிறேன், பெரியவர்கள் வாசித்தாலும் தடையில்லை. பிள்ளைகளுக்கு எழுதும்போது கோபமாக எழுதக் கூடாது என்று என் மனைவி சொன்னாள். இரண்டு தரம் கோபமில்லாமல் எழுதிப் பார்த்தேன், இரண்டு தரமும் அது பொய்யாக வந்தது. நான் ஓ.எல். பரீட்சையோடு படிப்பை விட்டவன், கல்முனை பஸாரில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் ஆணியும் பெயின்டும் நிறுத்துக் கொடுக்கிறவன். கோபத்தை அழகான வசனத்துக்குள் ஒளித்து வைக்கும் வித்தை எனக்குத் தெரியாது. ஆகவே இருந்தபடியே சொல்கிறேன்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு. கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். அதனால் உம்மாவும் அவருடைய அக்காவும் (ராத்தா என்போம்) தங்கையும் பிறந்து வளர்ந்த ஒரே "வளவு"க்குள் மூன்று வீடு கட்டி வாழ்ந்தார்கள். பெரியம்மா வீடு ரோட்டுப் பக்கம், எங்கள் வீடு நடுவில், சாச்சி வீடு கிணற்றுப் பக்கம். இடையில் வேலி கிடையாது. கோழிக்கும் தெரியாது எது யாருடைய வாசல் என்று, எங்களுக்கும் தெரியாது.

அந்த நாளில் இந்தக் கரையில் வாசிக்கத் தெரிந்த பிள்ளைகள் எல்லாருடைய வாயிலும் இருந்தது "செங்கமலத்தின் கப்பல்" என்ற புத்தக வரிசை. மொத்தம் பத்துப் புத்தகங்கள். செங்கமலம் என்ற பன்னிரண்டு வயதுப் பிள்ளை, கடலில் காணாமற்போன தன் தகப்பனைத் தேடி ஒரு பழைய கப்பலில் போகிறாள். கூட அவளுடைய தம்பியும், ஒருநாளும் கூவாத ஒரு சேவலும். இவ்வளவுதான் கதை. ஆனால் அது ஒவ்வொரு புத்தகமாக வரும், ஒவ்வொரு புத்தகமும் ஒரு தீவில் முடியும், அடுத்தது எப்போது வரும் என்று கடைக்காரருக்கே தெரியாது. பஸாரில் ஒரு கடையின் வாசலில் கயிறு கட்டி, உடுப்புக் காயப்போடுவதுபோல் கிளிப் போட்டுத் தொங்க விட்டிருப்பார்கள். புதிது தொங்கினால் அன்றைக்குப் பின்னேரம் மருதமுனை வரைக்கும் செய்தி போய்விடும்.

எங்கள் வளவில் ஒரு முறை இருந்தது. மூன்று வீடும் மாறி மாறி வாங்கும். எந்த வீடு வாங்கியதோ அந்த வீட்டு வாசலில்தான் முதல் வாசிப்பு, அந்த வீடுதான் "பிளேன்டீ" ஊற்றி "பணிஸ்" கொடுக்க வேண்டும். பின்னேர அஸர் தொழுகை முடிந்ததும் பாய் விரிப்போம். எல்லாரிலும் இளைய பிள்ளை தாள் புரட்டும். பொழுது பட்டு மஃரிபுக்குப் பாங்கு சொன்னால் எந்த இடமானாலும் நிறுத்த வேண்டும், வசனத்தின் நடுவிலானாலும் சரி. ஒரு தரம் தம்பிக்காரன் பாய்மரத்திலிருந்து கையை விட்ட இடத்தில் பாங்கு கேட்டது. அந்தப் பொடியன் ஒரு முழு இராத்திரியும் பகலும் அந்தரத்தில் நின்றான், நாங்களும் அவனோடு நின்றோம். யாரும் ஒளித்து முன்னுக்கு வாசிக்கக் கூடாது. "தனிய வாசிச்சவன் தனியத்தான் சிரிக்கணும்" என்பார் உம்மா. அது எங்களுக்கு அடியைவிடப் பெரிய பயம்.

வாசிப்பது என்னுடைய ராத்தா ஜெமீலா. அப்போது அவருக்குப் பதினான்கு வயது, எனக்கு ஒன்பது. ராத்தா வாசித்தால் செங்கமலம் வேறு குரலில் கதைப்பாள், தம்பி வேறு குரலில் அழுவான். கூவாத சேவல் வருகிற இடத்தில் ராத்தா கழுத்தை நீட்டி வாயை அகலத் திறந்து, ஒரு சத்தமும் போடாமல் எங்களைப் பார்ப்பார். ஒவ்வொரு தரமும் அதைத்தான் செய்வார், ஒவ்வொரு தரமும் நாங்கள் விழுந்து சிரிப்போம். அரிசி கொழித்துக்கொண்டிருக்கும் பெரியம்மா, "இன்டைக்காவது கூவுதாடி அது" என்று கேட்பார். வாப்பா சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விடுகிற சாட்டில் பக்கத்தில் குந்தியிருப்பார். எண்ணெய் விட்ட செயினுக்கே திரும்பவும் எண்ணெய் விடுவார். ஆண்கள் பிள்ளைகளின் கதை கேட்பது வெட்கம் என்று அவருக்கு ஒரு எண்ணம்.

வாசித்து முடிந்த புத்தகம் மூன்று வீட்டிலும் சில நாட்கள் தங்கும், பிறகு எங்கள் தெரு ஒழுங்கைக்குள் இரண்டு மூன்று வீடுகளுக்கு இரவல் போகும், கடைசியில் பழைய கலண்டர் தாளில் உறை போட்டு, எங்கள் வீட்டுத் தகரப் பெட்டிக்குள் வந்து சேரும். அந்தப் பெட்டி பிள்ளைகளுடையது. எழுதி ஒட்டியிருக்கவில்லை, ஆனால் எல்லாருக்கும் தெரியும்.

ஒன்பதாவது புத்தகம் வாசித்து முடிந்த காலத்தில்தான் சாச்சியின் மாப்பிள்ளை, எங்கள் சாச்சா, வெளிநாட்டு வேலையிலிருந்து லீவில் வந்தார். அவரைக் கெட்ட மனிதர் என்று எழுதமாட்டேன். வந்த அன்றே எங்கள் எல்லாருக்கும் ஆளுக்கொரு பேனை தந்தவர். என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு கடற்கரைக்குப் போனவர். கறாரான ஒழுங்கும் சுத்தமும் உள்ள ஆள், அவர் உடுக்கும் சாரத்தை மடித்தால் ஒரு கோணல் இருக்காது. அந்த முறை வந்தபோது, வீட்டுக்குள் உயிருள்ளவற்றின் உருவப்படம் இருந்தால் றஹ்மத்துடைய மலக்குகள், அருள் கொண்டுவரும் வானவர்கள், வரமாட்டார்கள் என்று அடிக்கடி சொல்லத் தொடங்கியிருந்தார். சாச்சி வீட்டில் தொங்கிய கலண்டரைக் கழற்றினார். பால்மாத் தகரப் பேணியில் இருந்த குழந்தைப் படத்தின்மேல் தாள் ஒட்டினார். அது அவருடைய வீடு, அவருடைய பேணி.

ஒருநாள் பாலமுனையில் ஒரு கலியாணத்துக்கு வளவே புறப்பட்டுப் போனது. சாச்சாவுக்குத் தடிமனும் இருமலும், அவர் மட்டும் வீட்டில் நின்றார். நாங்கள் திரும்பி வந்தபோது தகரப் பெட்டி எங்கள் வாசலில் திறந்தபடி இருந்தது, ஒன்பது புத்தகங்களும் மூலைக்கு மூலை ஒட்டி அடுக்கியிருந்தன. அடுப்புக்குள் கொஞ்சம் தாள் சாம்பல். சாச்சா மீசை வெட்டுகிற சின்னக் கத்தரிக்கோலால், வெளிநாட்டுக் கத்தரிக்கோல், அவ்வளவு கூர், ஒவ்வொரு படத்திலும் முகத்தை மட்டும் வட்டமாக வெட்டி எடுத்திருந்தார். செங்கமலத்தின் முகம், தம்பியின் முகம், கிழட்டு மாலுமிகளின் முகம். சேவலுக்கும் தலை போயிருந்தது. ஆறாவது புத்தகத்தில் நிலாவுக்குக் கண்ணும் சிரிப்பும் வரைந்திருப்பார்கள், அதையும் விடவில்லை.

சாச்சி வீட்டுப் படியில் நின்றபடி சாச்சா சந்தோஷமாகச் சொன்னார்: "கதையில நான் கையே வெக்கல்ல. முகத்த மட்டும்தான் எடுத்தன். இனிப் பயமில்லாம வாசிக்கலாம் புள்ளையள்."

அவர் அதை நம்பித்தான் சொன்னார். கதை கெடக் கூடாது என்று எவ்வளவு பொறுமையாக, எழுத்தில் கத்தரிக்கோல் படாமல், முகத்தின் ஓரத்தோடு ஓரமாக வெட்டியிருந்தார் என்பதை இன்று நினைத்தாலும் எனக்கு உடம்பு எரிகிறது. தாளுக்கு இரண்டு பக்கம் உண்டு என்பது மட்டும் அவருடைய நினைவுக்கு வரவில்லை. ஒவ்வொரு முகத்தின் முதுகிலும் கதை இருந்தது. முகத்தோடு சேர்ந்து அதுவும் அடுப்புக்குள் போய்விட்டது.

அதை முதலில் கண்டது ராத்தா. முதல் புத்தகத்தை விரித்து வாசித்துக்கொண்டு போனவர் சட்டென்று நின்று, தாளைத் திருப்பி, திரும்பவும் இந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தார். பிறகு இரண்டாவதை எடுத்தார். பிறகு மூன்றாவதை. அழவில்லை. சின்னவர்கள்தான் அழுதார்கள், சாச்சாவின் சொந்த மகளே சேவலின் கழுத்தைப் பார்த்து அழுதாள்.

முகமுள்ள படம் வீட்டில் இருக்கலாமா கூடாதா என்று சொல்லும் அறிவு எனக்கில்லை, அது மார்க்கம் படித்த ஆலிம்களின் வேலை. நானும் ஐந்து நேரம் தொழுகிறவன்தான். என் வழக்கு மார்க்கத்தோடு அல்ல. பிள்ளைகளுடைய பெட்டியைப் பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை கேளாமல் திறந்த கையோடுதான் என் வழக்கு. அதைவிட, அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு வாய்மூடி நின்ற மற்றப் பெரியவர்களோடு.

ஏனென்றால் அன்று இராத்திரி எங்கள் வீட்டில் நடந்தது இதுதான். பெரியம்மாவின் மகன் ரஸீன் காக்கா, ராத்தாவைவிட ஒரு வயது மூத்தவர், கோபத்தில் மூச்சிரைத்தபடி நின்றார்.

"சாச்சாட பாஸ்போட்டுலயும் முகம் இரிக்கி. அதையும் வெட்டிட்டு ப்ளேன் ஏறச் செல்லுங்க பாப்பம்."

பெரியம்மா அவருடைய வாயைப் பொத்தினார். "சத்தம் போடாத. வந்த மாப்பிள்ள கண்ணாடிப் போத்தல் மாதிரி. நம்மட வளவுக்குள்ள உடைஞ்சா நம்மட கால்லதான் குத்தும்."

உம்மா புத்தகங்களை அடுக்கினார். வாப்பா, அவரும் ஒரு காலத்தில் இந்த வளவுக்கு வந்த மாப்பிள்ளைதான், கையைக் கழுவித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "என்ன பெரிய விஷயம். புத்தகந்தானே."

புத்தகந்தானே. செயினுக்கு இரண்டு தரம் எண்ணெய் விட்ட மனிதர் சொன்ன சொல் அது. பிள்ளைகளே, பெரியவர்கள் "தானே" போட்டுப் பேசுவதைக் கவனியுங்கள். பொம்மைதானே, விளையாட்டுத்தானே, பிள்ளையள்தானே. தங்களுடைய பொருளுக்கு அவர்கள் அந்தச் சொல்லைப் போடுவதில்லை. வாப்பாவின் சைக்கிளை யாராவது இரண்டாக அறுத்திருந்தால் "சைக்கிள்தானே" என்று சொல்லியிருக்கமாட்டார்.

பத்தாவது புத்தகம் வருவதற்கு முன்பு பழையவற்றை ஒருதரம் திரும்ப வாசிப்பது எங்கள் வழக்கம். இந்த முறையும் பாய் விரித்தோம். முதலில் ராத்தா ஓட்டை வந்த இடத்திலெல்லாம் "ஓட்டை" என்றே வாசித்தார். "செங்கமலம் தம்பியின் கையைப் பிடித்து, ஓட்டை, என்று சொல்லிவிட்டு, ஓட்டை, மேலே பார்த்தாள்." ரஸீன் காக்கா சொன்னார்: "கப்பல்லயும் ஓட்டை புத்தகத்திலயும் ஓட்டை. நாம தாழப்போறம்." சிரித்தோம், ஆனால் அது நல்ல சிரிப்பல்ல. தாள் புரட்டுகிற சின்னவள் எழும்பிப் போய்விட்டாள்.

இரண்டாம் நாள் ராத்தா ஓட்டையில் நிற்கவில்லை. கண் அந்த வட்டத்தைத் தாண்டும்போது வாய் நிற்காமல் ஓடியது. செங்கமலம் தம்பியின் கையைப் பிடித்து, "நான் பயந்தவள் எண்டு ஆருக்கும் செல்லிராத, நீயும் பயந்தவன் எண்டு நான் செல்லமாட்டன்" என்று சொல்லிவிட்டு மேலே பார்த்தாள். எங்களுக்குத் தூக்கிவாரிப்போட்டது. புத்தகத்தில் இருந்தது அதுதானா என்று யாருக்கும் நினைவில்லை. ஒருவரும் கேட்கவுமில்லை. எழும்பிப் போன சின்னவள் திரும்பி வந்து பாயில் இருந்தாள்.

அதன் பிறகு ஓட்டைகள் வளரத் தொடங்கின. ஆறேழு சொல் இருந்த இடத்தில் ராத்தா கால் மணித்தியாலம் இருந்தார். கப்பல் எங்கள் கடற்கரைக்கு வந்து நங்கூரம் போட்டது. தோணிக்காரர்கள் செங்கமலத்துக்குக் கீரி மீன் கொடுத்தார்கள், அவள் முள்ளெடுக்கத் தெரியாமல் முழித்தாள். சேவல் ஏன் கூவுவதில்லை என்பதற்கு ஒரு காரணம் வந்தது: அது ஒருதரம் கூவித்தான் அவளுடைய தகப்பன் விழித்துக் கடலுக்குப் போனார், அன்றோடு வாயை மூடிக்கொண்டது. அந்த இடத்தில் ராத்தா வழக்கம்போல் கழுத்தை நீட்டி வாயைத் திறந்தார். அன்று யாரும் சிரிக்கவில்லை. பெரியம்மா சுளகைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

ஒழுங்கையிலிருந்தும் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். உம்மா உள்ளுக்கிருந்து, "அந்தத் தீவுக் கிழவிக்கு ஒரு மகள் இரிக்கட்டும் ஜெமீலா, தனியக் கிடக்காள் பாவம்" என்பார், அடுத்த ஓட்டையில் கிழவிக்கு ஒரு மகள் கிடைப்பாள். பள்ளிக்கூடத்தில் மருதமுனைப் பொடியன் ஒருவன் எங்களோடு சண்டைக்கு வந்தான்.

"எங்கட புத்தகத்துல கீரி மீனெல்லாம் இல்ல. நீங்க புளுகிறீங்க."

"உங்கட புத்தகம் சின்னன்" என்றார் ரஸீன் காக்கா. "போய்ப் பெரிய புத்தகமா வாங்கு."

அந்த நாட்களைப்போல் நான் பிறகு ஒருநாளும் சந்தோஷமாக இருந்ததில்லை. எங்களிடமிருந்து எடுத்ததை ராத்தா எங்களுக்குத் திருப்பித் தந்துகொண்டிருந்தார், எடுத்ததைவிடக் கூடவாக.

ஆறாவது புத்தகம் வாசித்த பின்னேரம். சாச்சா அறைக்குள் சாய்ந்திருந்தவர், ஜன்னல் வழியாகக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். நிலாவின் முகம் இருந்த பக்கத்தின் மறுபுறத்துக்கு ராத்தா வந்திருந்தார். கப்பலில் இருந்தவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு பயத்தைச் சொல்லிக் கடலுக்குள் எறிகிறார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். சாச்சா வெளியே வந்து, பாய்க்குப் பக்கத்தில் நின்று, கையை நீட்டினார். ராத்தா புத்தகத்தைக் கொடுத்தார். சாச்சா பக்கத்தை மேலிருந்து கீழ்வரை பார்த்தார், தாளைத் திருப்பியும் பார்த்தார்.

"நீ வாசிச்சது இதுல எங்க இரிக்கி?"

ராத்தா ஓட்டையைப் பார்த்தார்.

"நானும் கேட்டுக்கொண்டுதான் கிடந்தன். வாசிக்கிறன் எண்டு செல்லி இல்லாதத எல்லாம் செல்றாய். அதுக்குப் பேர் என்ன, புள்ள? பொய். இவ்வளவு ஆக்கள வெச்சுக்கொண்டு பொய் செல்லி ஏமாத்துறாய்."

ஒழுங்கைப் பெண்கள் இருந்தார்கள், அவர்களுடைய பிள்ளைகள் இருந்தார்கள். ராத்தா எழும்பி நின்றார். முகம் கறுத்துப்போயிருந்தது. மெதுவாகத்தான் சொன்னார்:

"இஞ்ச இருந்தத நீங்கதானே வெட்டின நீங்க, சாச்சா."

இவ்வளவுதான். அந்த வளவில் அதுவரைக்கும் யாரும் சொல்லத் துணியாத ஒரு உண்மை. பெரியம்மா சொல்லியிருக்க வேண்டியது, உம்மா சொல்லியிருக்க வேண்டியது, வாப்பா முதல் இராத்திரியே சொல்லியிருக்க வேண்டியது. பதினான்கு வயதுப் பிள்ளை சொன்னது.

வாப்பா சைக்கிளை விட்டுவிட்டு வந்தார். "ஜெமீலா, என்ன வாய் இது? சாச்சாட்ட மன்னிப்புக் கேளு."

ராத்தா உம்மாவைப் பார்த்தார். உம்மா நிலத்தைப் பார்த்தார். பெரியம்மா சுளகைப் பார்த்தார். அவர்கள் எல்லாரும் ஒரு கிழமையாக அந்த ஓட்டைகளில் கிடந்து அழுதவர்கள், சிரித்தவர்கள், கிழவிக்கு மகள் கேட்டவர்கள். ஒருவராவது, ஒரே ஒருவராவது, "அவள் சென்னது சரிதானே" என்று சொல்லவில்லை. கண்ணாடிப் போத்தலுக்கு ஒன்றும் ஆகக் கூடாது. பிள்ளை உடைந்தால் பரவாயில்லை, பிள்ளை சத்தமில்லாமல் உடையும்.

"மன்னிச்சிருங்க, சாச்சா" என்றார் ராத்தா.

சாச்சா தலையைத் தடவி, "சரி, சரி. இனிப் பொய் செல்லப்படா" என்று பெரிய மனதோடு மன்னித்தார். அந்தப் பெரிய மனதை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

ராத்தா புத்தகத்தை மூடினார். பாங்குக்கு இன்னும் நேரம் இருந்தது. அதற்குப் பிறகு அவர் யாருக்கும் எதையும் வாசித்துக் காட்டவில்லை. கெஞ்சினோம், சின்னவள் மடியில் ஏறி இருந்து கன்னத்தைத் திருப்பினாள். "தொண்ட நோகுது" என்பார். தொண்டைநோ நாற்பது வருடமா இருக்கும்? சாச்சா லீவு முடிந்து போனார். பத்தாவது புத்தகம் வந்தது. பாய் விரிக்கவில்லை. ரஸீன் காக்கா ஒரு மூலையில் வாசித்தார், நான் ஒரு மூலையில் வாசித்தேன். செங்கமலம் தகப்பனைக் கண்டுபிடித்தாள். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ராத்தா அந்தப் புத்தகத்தைத் தொடவேயில்லை.

ராத்தா வாழ்க்கையில் தோற்றுப்போனார் என்று நினைத்துவிடாதீர்கள். நன்றாகப் படித்தார், கந்தோரில் உத்தியோகம் பார்க்கிறார், மூன்று பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினார். அந்தப் பிள்ளைகளுக்குக் கதை வாசித்துக் காட்டியது ராத்தாவின் மாப்பிள்ளை, என் மச்சான். ராத்தா குசினிக்குள் அடுப்படியில் நின்று கேட்பாராம். இது மச்சான் எனக்குச் சொன்னது.

இனி இப்போது நடந்ததைச் சொல்கிறேன். போன மாதம் சாச்சாவின் பேத்திக்குக் கலியாணம். சாச்சாவுக்கு இப்போது நல்ல வயது, தாடி முழுக்க வெள்ளை. கலியாண மண்டபத்தில் கமராக்காரர் நிற்கச் சொன்ன இடத்திலெல்லாம் நின்று சிரித்தார். போனில் வெளிநாட்டுப் பேரனின் முகத்தைக் காட்டி, எல்லாரையும் அதற்குள் எட்டிப் பார்க்கச் சொன்னார். படம் பற்றிய அவருடைய எண்ணம் எந்த வருடம் மாறியதோ தெரியாது. மாறட்டும், மனிதருக்கு எண்ணம் மாறுவது இயற்கை. மாறியதை வந்து எங்களிடம் யாரும் சொல்லவில்லையே என்பதுதான் என் மனக்குறை.

மறுநாள் பகல், சொந்தக்காரர் மட்டும் சாச்சி வீட்டில் சாப்பிட இருந்தோம். பிள்ளைகள் போனில் கலியாணப் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாச்சாவுக்குப் பழைய ஞாபகம் வந்துவிட்டது.

"ஒருக்கா நான் இதுகள்ற புத்தகத்துல இரிக்கிற முகமெல்லாம் வெட்டிப் போட்டன், தெரியுமா? சேவல்ட தலையையும் விடல்ல. நிலாவையும் விடல்ல." எல்லாரும் சிரித்தார்கள். சாச்சாவும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். வாப்பா மௌத்தாகிவிட்டார், இருந்திருந்தால் அவரும் சிரித்திருப்பார். ராத்தா எதிர்ப்பக்கம் இருந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். சிரிக்கவில்லை.

நான் சொன்னேன்: "சாச்சா, அந்தக் கதை அதோட முடியல்லயே. மறுகா ராத்தாவப் பொய்க்காரி எண்டு செல்லி, எல்லாருக்கும் முன்னால மன்னிப்புக் கேக்க வெச்சீங்க."

சாச்சாவின் சிரிப்பு அப்படியே நின்றது. "நானா? எப்ப மகன்?"

நடந்ததைச் சொன்னேன். என் குரல் உயர்ந்துவிட்டது என்று மனைவி பிறகு சொன்னாள். சாச்சா ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். "நான் அப்பிடிச் செல்லியிருப்பனா? சத்தியமா எனக்கு ஞாபகம் இல்ல." அவர் நடிக்கவில்லை, பிள்ளைகளே. உண்மையில் மறந்துவிட்டார். கத்தரிக்கோல் ஞாபகம் இருக்கிறது, நிலா ஞாபகம் இருக்கிறது, ஒரு பிள்ளையின் வாயை அடைத்தது ஞாபகமில்லை.

உம்மாவுக்கு இப்போது காது மந்தம், ஆனால் இது கேட்டுவிட்டது. "இன்டைக்கி இந்தக் கதை என்னத்துக்கு? வயசான மனிசன். சாப்பிடட்டும், விடு." திரும்பவும் அதே கண்ணாடிப் போத்தல். மேசை முழுக்கத் தலைகள் ஆடின. ராத்தாதான் வழக்கம்போல் எல்லாருக்காகவும் விட்டுக்கொடுத்து ஏதாவது சொல்வார் என்று நானும் நினைத்தேன்.

ராத்தா தண்ணீர் குடித்துவிட்டுக் கோப்பையை வைத்தார்.

"ஞாபகம் இல்லாட்டிப் பரவால்ல, சாச்சா. அண்டைக்கு நான் ஒரு மன்னிப்புக் கேட்டன். அது நான் கேக்க வேண்டிய மன்னிப்பில்ல. அத எனக்குத் திருப்பித் தாங்க."

சாச்சாவின் விரலில் சோறு அப்படியே இருந்தது. "அது எப்பிடிப் புள்ள திருப்பித் தாற?"

"எனக்கும் தெரியா. நீங்கதான் யோசிக்கணும்" என்று சொல்லிவிட்டு, ராத்தா எழும்பிக் கை கழுவப் போனார்.

பழைய முறை மாறி, ரஸீன் காக்காவும் நானும் கலியாணம் முடித்த பிறகும் வளவிலேயே தங்கிவிட்டோம். எங்கள் வளவில் இப்போது மூன்று மதில்கள், மூன்று கேற். அஸருக்குப் பிறகு யாரும் யாருடைய வாசலிலும் பாய் விரிப்பதில்லை. செங்கமலத்தின் கப்பல் இப்போது பளபளப்பான தாளில் திரும்ப வந்திருக்கிறது. என் மகளிடம் பத்தும் இருக்கிறது, மதிலுக்கு அந்தப் பக்கம் ரஸீன் காக்காவின் பேரனிடம் பத்தும் இருக்கிறது, சாச்சி வீட்டிலும் ஒரு பத்து. மூன்று பிள்ளைகளும் மூன்று அறைக்குள் தனித்தனியே வாசிக்கிறார்கள். முகங்கள் எல்லாம் முழுசாக இருக்கின்றன, ஒரு சொல்லும் குறையவில்லை. கிழவிக்கு மகள் இல்லை. கீரி மீன் இல்லை. சேவல் ஏன் கூவுவதில்லை என்று அந்தப் பத்துப் புத்தகத்திலும் எங்கேயும் எழுதியில்லை, நான் தேடிப் பார்த்துவிட்டேன். அது தெரிந்த ஒரே ஆள் சொல்லமாட்டேன் என்கிறார்.

அந்த விருந்துக்குப் பிறகு உம்மா என்னோடு இரண்டு நாள் கதைக்கவில்லை. சொந்தத்துக்குள் பகை மூட்டினேனாம். மூட்டியதாகவே இருக்கட்டும். நேற்றுப் பின்னேரம் சாச்சி எங்கள் கேற்றடியில் நின்று, சாச்சா சரியாகச் சாப்பிடுவதில்லை என்றும், தொழுதுவிட்டுப் பள்ளியால் வந்தால் முற்றத்துக் கதிரையில் இருந்துகொண்டு யோசித்தபடியே இருக்கிறார் என்றும் குறைப்பட்டார்.

யோசிக்கட்டும்.